பித்தளைப் பொத்தானில் நல்ல சமாரியன்: விக்டோரியா கால நாவல்களில் பேராசையும் தர்மமும்

சார்லஸ் டிக்கன்ஸின் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலில் பம்பிள் என்று ஒரு பாரிஷ் சேவகர் வருகிறார். தேவாலய வட்டார நிர்வாகத்தின் சம்பளக்காரர். அந்த வட்டாரத்து ஏழைகளையும் அநாதைகளையும் கட்டி மேய்ப்பது அவர் வேலை. ஒருநாள் சவப்பெட்டி செய்யும் சவர்பெர்ரி, பம்பிளின் கோட்டில் மின்னும் பெரிய பித்தளைப் பொத்தானைப் பார்த்து, ரொம்ப நேர்த்தியாக இருக்கிறதே என்கிறார். பம்பிளுக்குப் பெருமை தாங்கவில்லை. பாரிஷ் முத்திரைதான் பொத்தானிலும் அச்சாகியிருக்கிறதாம்: அடிபட்டுக் கிடந்தவனைக் குணப்படுத்தும் நல்ல சமாரியன். புத்தாண்டுக் காலையில் பாரிஷ் நிர்வாகக் குழுவான போர்டு கொடுத்த பரிசு அது. முதல் தடவை அதை மாட்டிக்கொண்டு அவர் போனது எங்கே தெரியுமா? நொடித்துப்போய், நள்ளிரவில் யார் வீட்டு வாசலிலோ குளிரிலும் பட்டினியிலும் செத்துக் கிடந்த ஒரு வியாபாரியின் பிரேத விசாரணைக்கு. அந்த விசாரணையில் ஜூரிகள் நிவாரண அதிகாரியைக் குறைசொல்லப் பார்த்தார்கள் என்று பம்பிளுக்குக் கோபம் வேறு.

விக்டோரியா காலத்து நாவல்களைப் பற்றிப் பொதுவாக ஓர் எண்ணம் உண்டு. கஞ்சப் பணக்காரன் கெட்டவன், அள்ளிக் கொடுப்பவன் நல்லவன், கடைசியில் கஞ்சன் திருந்துவான், சுபம். சுருக்கப் பதிப்புகளைப் படித்தோ, கார்ட்டூன் படங்களைப் பார்த்தோ வந்த எண்ணமாக இருக்கலாம். முழு நாவல்களைக் கையில் எடுத்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. கஞ்சர்களை இந்த எழுத்தாளர்கள் பெரும்பாலும் மன்னித்துவிடுகிறார்கள். அவர்களுக்கு ஆற்றாத கோபம் வருவது பம்பிளைப் போன்றவர்கள் மேல்தான். அதாவது, தர்மம் செய்யும் பொறுப்பில் உட்கார்ந்துகொண்டு, ஏழைக்கு அருகில் போகாதவர்கள் மேல்.

இதைப் புரிந்துகொள்ள பைபிளில் லூக்கா சுவிசேஷத்தின் 10ஆம் அதிகாரம் போதும். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியில் ஒருவன் கள்ளர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராகக் கிடக்கிறான். ஓர் ஆசாரியன் வருகிறான். பார்த்துவிட்டுப் பக்கமாய் விலகிப் போகிறான். ஆலய ஊழியம் செய்யும் ஒரு லேவியனும் அப்படியே. யூதர்கள் மதிக்காத சமாரியன் ஒருவன்தான் கிட்ட வந்து காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டுகிறான். விலகிப் போனது யார், கிட்ட வந்தது யார்? விக்டோரியா கால நாவலாசிரியர்கள் தங்கள் பாத்திரங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான். எவ்வளவு கொடுத்தாய் என்பது அதற்கு அடுத்த கேள்வி.

சட்டமும் வேதமும்

இங்கிலாந்தை விக்டோரியா மகாராணி ஆண்டது 1837 முதல் 1901 வரை. ஆனால் இந்த நாவல்களின் கோபத்துக்குக் காரணமான சட்டம் அவர் முடிசூடுவதற்கு முன்பே, 1834இல் வந்துவிட்டது. அதற்கு முன்பு ஒவ்வொரு பாரிஷும் தன் எல்லைக்குள் வரி வசூலித்து, ஏழைகளுக்கு அவரவர் வீட்டிலேயே உதவிப்பணமோ ரொட்டியோ கொடுத்துவந்தது. வரிச்சுமை கூடிக்கொண்டே போனது. சும்மா கொடுத்தால் சோம்பேறித்தனம்தான் வளரும் என்று படித்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள். புதிய ஏழைகள் சட்டம் பாரிஷ்களை ஒன்றியங்களாகச் சேர்த்து, உதவி வேண்டுமானால் ஒர்க்ஹவுஸ் என்ற ஏழைகள் விடுதிக்குள் வந்து தங்கு என்றது. உள்ளே இருக்கும் வாழ்க்கை, வெளியே கூலி வேலை செய்யும் பரம ஏழையின் வாழ்க்கையைவிட மோசமாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. நிர்வாகக் கோளாறால் வந்த கொடுமை என்று நினைத்துவிட வேண்டாம், திட்டமே அதுதான். புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம் என்று பிரித்து வைத்தார்கள். 1845இல் ஆண்டோவர் என்ற ஊரின் ஒர்க்ஹவுஸில், உரத்துக்காக எலும்பு இடிக்கும் வேலையில் இருந்தவர்கள் பசி தாங்காமல் அந்த எலும்புகளையே கடித்துத் தின்றது வெளியே வந்து, நாடாளுமன்றம் விசாரிக்க வேண்டியதாயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது, சட்டத்தை ஆதரித்தவர்களும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயம் போனவர்கள்தான். உணவு பெருகுவதைவிட வேகமாக மக்கள்தொகை பெருகும் என்று 1798இல் எழுதிய மால்தஸ் ஆங்கிலிக்கன் குருவானவர். “வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது” என்ற அப்போஸ்தலன் பவுலின் வரி அவர்களுக்குக் கைவசம் இருந்தது. உழைப்பு, சிக்கனம், ஒழுக்கம் உள்ளவனைக் கடவுள் உயர்த்துவார். ஆகவே தாழ்ந்து கிடப்பவனிடம் ஏதோ குறை இருக்க வேண்டும். இது ஒரு வாசிப்பு.

எதிர்ப்பக்கத்திலும் அதே வேதம்தான். தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் ஒருசேர ஊழியம் செய்ய முடியாது என்கிற இயேசுவின் மலைப்பிரசங்கம் இருந்தது. வாசலில் பருக்கள் நிறைந்து கிடந்த லாசருவைக் கவனிக்காத ஐசுவரியவான் பாதாளத்தில் வேதனைப்படும் கதை இருந்தது. “மிகவும் சிறியவராகிய என் சகோதரரான இவர்களில் ஒருவனுக்கு எதைச் செய்தீர்களோ, அதை எனக்கே செய்தீர்கள்” என்ற மத்தேயு சுவிசேஷத்தின் 25ஆம் அதிகாரம் இருந்தது. மான்செஸ்டரில் யூனிடேரியன் (திரித்துவத்தை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவு) போதகரின் மனைவியாக வாழ்ந்த எலிசபெத் கேஸ்கெல், 1848இல் வெளியிட்ட ‘மேரி பார்ட்டன்’ நாவலில் நெசவாலைத் தொழிலாளி ஜான் பார்ட்டனின் வாயில் அந்த லாசரு கதையைத்தான் வைக்கிறார். அவன் பிள்ளை நோயிலிருந்து தேறச் சத்துள்ள சாப்பாடு வேண்டும், கையில் காசில்லை. கடை ஜன்னலில் பண்டங்களைப் பார்த்தபடி நிற்கிறான். அவனை வேலையைவிட்டு நிறுத்திய முதலாளியின் மனைவி, விருந்துக்கு வாங்கிய சாமான்களோடு அதே கடையிலிருந்து வெளியே வந்து வண்டி ஏறிப் போகிறாள். வீட்டுக்குப் போனால் பிள்ளை செத்துக் கிடக்கிறது. அவள் எந்தத் தீங்கும் செய்யவில்லை. ஐசுவரியவானும் லாசருவை அடிக்கவில்லையே.

ஆக, இந்த நாவல்களில் நடப்பது கிறிஸ்தவத்துக்கும் நாத்திகத்துக்குமான சண்டை என்று நினைத்துப் படித்தால் குழம்பிப்போவோம். வேதத்தின் எந்தப் பக்கத்தைத் திறந்து வைப்பது என்று ஒரே சபைக்குள் நடந்த சண்டை அது.

ஸ்க்ரூஜுக்கு என்ன பயம்?

‘எ கிறிஸ்மஸ் கரோல்’ 1843 டிசம்பர் 19 அன்று வெளியானது. அந்த ஆண்டு டிக்கன்ஸ் இரண்டு விஷயங்களால் கலங்கிப் போயிருந்தார். ஒன்று, சுரங்கங்களிலும் ஆலைகளிலும் வேலை செய்த குழந்தைகளைப் பற்றிய அரசாங்க அறிக்கை. இன்னொன்று, லண்டன் ஃபீல்ட் லேனில் கந்தல் உடுத்திய தெருப்பிள்ளைகளுக்காக நடந்த இலவசப் பள்ளிக்கு அவர் நேரில் போனது. முதலில் ஒரு துண்டுப்பிரசுரம் போடத்தான் நினைத்தார். அதைவிடக் கதைக்குப் பலம் அதிகம் என்று தோன்றியதும், ஆறே வாரத்தில் இதை எழுதி முடித்தார். முதல் பதிப்பு 6,000 பிரதிகளும் கிறிஸ்மஸுக்குள் விற்றுவிட்டன. விலை 5 ஷில்லிங். கதையின் நாயகனான கஞ்சக் கிழவன் ஸ்க்ரூஜின் குமாஸ்தா பாப் க்ராட்சிட்டின் வாரச் சம்பளம் 15 ஷில்லிங். அதாவது, தன்னைப் பற்றிய புத்தகத்தை வாங்க அவர் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்! டிக்கன்ஸ் யாரைப் பார்த்துப் பேசினார் என்பது இந்த விலையிலேயே தெரிகிறது.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். கஞ்சக் கிழவனின் முன் மூன்று ஆவிகள் வந்து, போன கிறிஸ்மஸையும் நடக்கும் கிறிஸ்மஸையும் வரப்போகும் கிறிஸ்மஸையும் காட்டுகின்றன, அவன் திருந்துகிறான். இந்தச் சுருக்கத்தில் விடுபட்டுப் போகும் சில இடங்களில்தான் விஷயமே இருக்கிறது.

தொடக்கத்தில் இரண்டு கனவான்கள் ஏழைகளுக்காக நன்கொடை கேட்டு அவன் அலுவலகத்துக்கு வருகிறார்கள். “சிறைகள் இல்லையா? ஒர்க்ஹவுஸ்கள் நடக்கவில்லையா?” என்று கேட்கிறான். அங்கே போவதைவிடச் சாவதே மேல் என்று பலர் நினைக்கிறார்களே என்றதும், “அப்படியானால் சாகட்டும், உபரி ஜனத்தொகையாவது குறையும்” என்கிறான். மால்தஸின் வாதத்தை அப்படியே ஒரு கஞ்சன் வாயில் போட்டுவிட்டார் டிக்கன்ஸ். ஸ்க்ரூஜ் இங்கே சட்டத்துக்கு விரோதமாக ஒன்றும் பேசவில்லை. வரி கட்டுகிறேன், அந்த வரியில் இதெல்லாம் நடக்கிறது, என் கடமை முடிந்தது என்கிறான். யோசித்துப் பார்த்தால், நியாயமாகப் பேசுகிற ஒரு வரிசெலுத்துபவர்.

அடுத்தது, அவன் அனுபவிக்கும் ஆள் இல்லை. இரவு உணவு என்று வீட்டில் அடுப்பு ஓரத்தில் வைத்திருப்பது கஞ்சி. இருட்டு செலவில்லாதது என்பதால் இருட்டு அவனுக்குப் பிடிக்கும். இவ்வளவு பணமும் எதற்கு? இளமையில் அவனை மணக்க இருந்த பெல் என்ற பெண், உன் மனதில் என் இடத்தை ஒரு பொன் விக்கிரகம் பிடித்துக்கொண்டது என்று சொல்லிப் பிரிந்து போகிறாள். விக்கிரகம் என்பது வேதத்திலிருந்து வரும் குற்றச்சாட்டு. இஸ்ரவேலர் வனாந்தரத்தில் வார்த்த பொன் கன்றுக்குட்டி உடனே நினைவுக்கு வரும். அதே மூச்சில் அவள் சொல்லும் இன்னொன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: நீ உலகத்துக்கு அதிகமாகப் பயப்படுகிறாய். வறுமையின் இழிவு தன்மேல் படக்கூடாது என்கிற பயம்தான் அவனை இப்படி ஆக்கியது. டிக்கன்ஸுக்கு இந்தப் பயம் நன்றாகத் தெரியும். 1824இல் அவர் அப்பா கடனுக்காக மார்ஷல்ஸீ சிறையில் அடைபட்டபோது, 12 வயதுச் சிறுவனாக பூட் பாலிஷ் தொழிற்கூடத்தில் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டும் வேலைக்குப் போனவர் அவர். தன் குழந்தைகளிடம்கூட அதைச் சொல்லாமல் மறைத்தார். ஸ்க்ரூஜை எழுதியவர் அவனை வெளியே நின்று கேலி செய்யவில்லை.

செத்துப்போன கூட்டாளி மார்லியின் ஆவி இழுத்துக்கொண்டு வரும் சங்கிலியில் பணப்பெட்டி, சாவி, பூட்டு, கணக்குப் பேரேடு, பத்திரம், இரும்புப் பணப்பை எல்லாம் கோத்துக் கிடக்கின்றன. நீ நல்ல வியாபாரியாகத்தானே இருந்தாய் என்று ஸ்க்ரூஜ் ஆறுதல் சொல்லப் பார்க்கிறான். மனிதகுலமே என் வியாபாரமாக இருந்திருக்க வேண்டும் என்று ஆவி அலறுகிறது. அதன் தண்டனை என்ன தெரியுமா? உயிரோடு இருந்தபோது கணக்கறையைவிட்டு வெளியே போகாத அந்த ஆத்துமா, இப்போது ஓயாமல் அலைந்து, இனி உதவ முடியாத மனிதர்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கிட்ட வராதவனுக்கு, கிட்ட இருந்தும் கைநீட்ட முடியாத தண்டனை.

இன்னொரு சின்னக் காட்சி. லண்டன் ஏழைகளின் வீடுகளில் அடுப்பறைச் சூளை கிடையாது. கிறிஸ்மஸ் அன்று வாத்தையோ இறைச்சியையோ தட்டில் வைத்து ரொட்டிக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் வாட்டி வாங்கி வருவார்கள்; ஞாயிற்றுக்கிழமைகளிலும் அப்படித்தான். ஓய்வுநாளைக் காப்பாற்றுகிறேன் என்று சர் ஆண்ட்ரூ ஆக்னியூ என்ற எம்.பி. 1830களில் ஞாயிறு வியாபாரத்தைத் தடுக்கும் மசோதாக்களைக் கொண்டுவந்தார். அது நிறைவேறினால் ஏழைக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே ஒரு சூடான சாப்பாடும் போய்விடும். இரண்டாவது ஆவியிடம் ஸ்க்ரூஜ் இதைக் கேட்கிறான்: உங்கள் பெயரில்தானே ஏழாம் நாளில் இந்தக் கடைகளை மூடச் சொல்கிறார்கள்? ஆவிக்குக் கோபம் வருகிறது. எங்களைத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு, ஆணவத்தையும் பொறாமையையும் வெறியையும் சுயநலத்தையும் எங்கள் பெயரில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்; அந்தக் கணக்கை அவர்கள் மேலேயே எழுது என்கிறது.

அப்புறம், திருந்திய பிறகு அவன் எப்படிக் கொடுக்கிறான் என்று பாருங்கள். க்ராட்சிட் வீட்டுக்குப் பெரிய வான்கோழியை அனுப்புகிறான். யார் அனுப்பியது என்று தெரியக்கூடாது என்கிறான். தெருவில் அந்த நன்கொடைக் கனவானைப் பார்த்ததும் தொகையைக் காதோடு சொல்கிறான். எவ்வளவு என்று வாசகருக்கே டிக்கன்ஸ் சொல்வதில்லை! வலதுகை செய்கிறதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்கிற மலைப்பிரசங்கம் அப்படியே காட்சியாகிவிட்டது. அந்தத் தொகையைக் கேட்டு மலைத்துப் போனவரிடம் ஸ்க்ரூஜ் சொல்கிறான்: ஒரு காசும் குறையாது, இதில் பழைய பாக்கி நிறைய அடங்கியிருக்கிறது. தர்மம் என்றே அவன் அதைச் சொல்லவில்லை.

தப்பாகக் கொடுப்பவர்கள்

ஷார்லட் பிராண்டியின் ‘ஜேன் ஐர்’ வெளியானது 1847இல். அதில் லோவுட் என்ற தர்மப் பள்ளியை நடத்தும் பிராக்கிள்ஹர்ஸ்ட் ஒரு போதகர். கருகிப்போன கஞ்சியைப் பிள்ளைகள் சாப்பிட முடியவில்லை என்று ஆசிரியை மிஸ் டெம்பிள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொடுத்துவிடுகிறார். இந்தப் பிள்ளைகளின் இழிவான உடலுக்குத் தீனி போட்டு, அழியாத ஆத்துமாவைப் பட்டினி போடுகிறீர்களே என்று அவரைக் கடிந்துகொள்கிறார் பிராக்கிள்ஹர்ஸ்ட். ஒரு பெண்ணின் தலைமுடி இயற்கையாகவே சுருண்டிருக்கிறது. அதையும் வெட்டச் சொல்கிறார். பேச்சு முடிவதற்குள் கதவு திறக்கிறது. வெல்வெட்டும் பட்டும் ரோமமுமாக, தலையில் சுருள் முடியுமாக உள்ளே வருகிறவர்கள் அவர் மனைவியும் மகள்களும். பிராண்டி அக்கா தங்கைகளில் மூத்தவர்களான மரியாவும் எலிசபெத்தும் கோவன் பிரிட்ஜ் என்ற ஊரின் இப்படியொரு பள்ளியில் நோய்ப்பட்டு, வீட்டுக்கு வந்து 1825இல் இறந்தார்கள் என்பது தெரிந்தால் அந்தப் பக்கங்களின் சூடு எங்கிருந்து வருகிறது என்று புரியும். நாவல் மதவிரோதமானது என்று சிலர் சொன்னபோது, சம்பிரதாயம் வேறு ஒழுக்கம் வேறு, சுயநீதி வேறு மதம் வேறு என்று இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் பதில் சொன்னார் பிராண்டி. அதே நாவலின் பிற்பகுதியில் ஜேனுக்கு 20,000 பவுன் சொத்து வருகிறது. தன்னைக் காப்பாற்றிய மூவருக்கும் தனக்குமாக ஆளுக்கு 5,000 என்று பிரித்துவிடுகிறாள். யாரும் அவளைத் தர்மவதி என்று பாராட்டுவதில்லை. அவர்கள் உறவினர்கள், அவளுக்கு அதுதான் பெரிய லாபம்.

டிக்கன்ஸின் ‘ப்ளீக் ஹவுஸ்’ (1852–53) இந்த விஷயத்தில் ஒரு சுரங்கம். மிஸஸ் ஜெல்லிபி, நைஜர் நதிக்கரையில் போரியபூலா-கா என்ற கற்பனை ஊரின் மக்களுக்காக இரவு பகலாகக் கடிதம் எழுதுகிறார். அவர் பிள்ளை மாடிப்படியில் உருண்டு விழுந்தாலும் கண்ணில் படுவதில்லை. அந்தக் கண்கள் எப்போதும் ஆப்பிரிக்காவைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. இன்னொருவர் மிஸஸ் பார்டிகிள். தன் ஐந்து ஆண் பிள்ளைகளின் கைச்செலவுக் காசையும் பிடுங்கி, அவர்கள் பெயரில் சங்கங்களுக்கு நன்கொடை எழுதுகிறார். கடைக்குட்டிக்கு ஐந்து வயது. வாழ்நாளில் புகையிலை தொடமாட்டேன் என்று அவன் சத்தியம் செய்திருக்கிறான்! பிள்ளைகள் முகத்தில் கொலைவெறி.

இந்த அம்மாள் செங்கல் சூளைத் தொழிலாளி ஒருவன் வீட்டுக்குப் போகும் காட்சியை அவசியம் படிக்க வேண்டும். அவர் கேட்கப் போகும் கேள்விகளை அவனே முந்திக்கொண்டு கேட்டு, பதிலும் சொல்கிறான். என் மகள் துவைக்கிறாளா? ஆமாம், துவைக்கிறாள். அந்தத் தண்ணீரைப் பார், மோந்து பார், அதைத்தான் நாங்கள் குடிக்கிறோம். நீ விட்டுப்போன சின்னப் புத்தகத்தைப் படித்தேனா? படிக்கவில்லை, இங்கே யாருக்கும் படிக்கத் தெரியாது. மிஸஸ் பார்டிகிள் அசரவில்லை. போலீஸ்காரர் மாதிரி பக்தி போதித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். அவர் போன பிறகுதான், அடுப்பருகே கண்ணில் அடிபட்ட காயத்தோடு உட்கார்ந்திருந்த தாயின் அருகில், கூட வந்திருந்த கதைநாயகி எஸ்தர் போகிறாள். மடியில் இருந்த குழந்தை அந்த நேரத்தில் இறந்துவிடுகிறது. எஸ்தர் அதை வாங்கிக் கிடத்தித் தன் கைக்குட்டையால் மூடுகிறாள். கொடுப்பதற்கு அவளிடம் வேறொன்றும் இல்லை. பம்பிளின் பொத்தானில் இருந்த படத்துக்கு உயிர் வந்தது போன்ற இடம் அது.

அதே நாவலில் தெருக்கூட்டும் சிறுவன் ஜோ, காலையில் கிடைத்த அழுக்கு ரொட்டித்துண்டைத் தின்ன உட்காரும் இடம், வெளிநாடுகளில் சுவிசேஷம் பரப்பும் சங்கத்தின் வாசற்படி. இந்தக் கட்டடம் என்னவென்றே அவனுக்குத் தெரியாது. இது கற்பனைச் சங்கம் இல்லை. 1701இல் தொடங்கிய எஸ்.பி.ஜி. என்ற நிஜ அமைப்பு. திருநெல்வேலிப் பக்கம் இந்தப் பெயர் பழக்கமானது. 1841 முதல் இடையன்குடியில் இருந்த கால்டுவெல் இதே சங்கத்தின் மிஷனரிதான். உள்ளூர்ப் பசியை வாசலில் விட்டுவிட்டுக் கடல் கடக்கும் இரக்கம் என்று டிக்கன்ஸ் கேலி செய்ததன் மறுமுனையில் பள்ளிக்கூடங்களும் அச்சுப் புத்தகங்களும் இருந்தன. அந்தப் பள்ளிகளில் எழுத்துக் கற்ற குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இந்தப் பக்கத்தைப் படிக்கும்போது டிக்கன்ஸ் பக்கம் முழுதாகச் சாய முடியாது. ஆப்பிரிக்கர்களை வெறும் கேலிப்பொருளாக அவர் எழுதியதும், பொது வேலைக்கு வரும் பெண்களை மட்டும் பார்த்துப் பார்த்துக் கிண்டல் அடிப்பதும் இன்று படிக்க உறுத்துகிறது.

விசுவாசம் போன பிறகும்

ஜார்ஜ் எலியட் என்ற புனைபெயரில் எழுதிய மேரி ஆன் எவன்ஸ் தீவிர சுவிசேஷ பக்தியில் வளர்ந்து, பிறகு விசுவாசத்தை விட்டவர். கிறிஸ்தவத்தை மனித மனத்தின் படைப்பாகப் பார்த்த ஃபாயர்பாக்கின் ஜெர்மன் நூலை 1854இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் அவரே. ஆனால் பேராசையைப் பற்றி அவரைப் போலக் கிறிஸ்தவமாக எழுதியவர் குறைவு.

‘சைலஸ் மார்னர்’ (1861) நாயகன் ஒரு நெசவாளி. உயிருக்குயிரான நண்பன் திருட்டுப் பழி சுமத்துகிறான். சபை சீட்டுப் போட்டுப் பார்த்து இவனே குற்றவாளி என்கிறது. கடவுளும் மனிதரும் கைவிட்டார்கள் என்று வேறு ஊருக்குப் போய், 15 ஆண்டுகள் தறியும் தங்கக் காசுமாக வாழ்கிறான். இரவில் காசுகளைப் பரப்பி வைத்துப் பார்ப்பது ஒன்றே அவனுக்குத் துணை. ஸ்க்ரூஜுக்குப் பயம், இவனுக்குத் தனிமை. ஒருநாள் காசு திருடுபோகிறது. புத்தாண்டுக்கு முந்தின இரவில், மங்கிய பார்வையில் கணப்பு அருகே பொன் மின்னுவதைப் பார்த்துத் தொடுகிறான். கையில் படுவது ஒரு குழந்தையின் மென்மையான தலைமுடி. பனியில் இறந்துபோன தாயிடமிருந்து தத்தித் தத்தி நடந்து வந்த அந்தப் பிள்ளையை அவன் வளர்க்கிறான். அண்டை வீட்டு டாலி வின்த்ராப் அவனுக்குக் கொண்டுவரும் பலகாரத்தில் ஐ.எச்.எஸ். என்ற இயேசுவின் பெயரெழுத்துகள் குத்தியிருக்கும். அது என்னவென்று டாலிக்கே தெரியாது. தேவாலயத்துத் துணியில் இருக்கிறது, நல்லதாகத்தான் இருக்கும் என்கிறாள். எலியட்டின் கிறிஸ்தவம் இங்கே இருக்கிறது, பிரசங்க பீடத்தில் இல்லை.

அவருடைய ‘மிடில்மார்ச்’சில் (1871–72) வங்கிக்காரர் புல்ஸ்ட்ரோட் வேறு ரகம். மருத்துவமனைக்கு அள்ளிக் கொடுப்பவர், மணிக்கணக்கில் ஜெபிப்பவர். ஆனால் அந்தப் பணம் வந்தது திருட்டுச் சரக்கு வாங்கிய அடகு வியாபாரத்திலிருந்து. சொத்துக்கு உரிய வாரிசு இருப்பதை மறைத்துச் சேர்த்தது. எல்லாம் தேவனின் மகிமைக்கே என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதை எலியட் பொய் என்று தள்ளவில்லை. அவர் அதை உண்மையாகவே நம்புகிறார், அதுதான் பயங்கரம் என்று காட்டுகிறார்.

ட்ரோலப் கேட்ட கேள்வி

கிட்டப் போனால் எல்லாம் சரியாகிவிடுமா? 1855இல் வந்த ஆந்தனி ட்ரோலப்பின் ‘தி வார்டன்’ இந்த இடத்தில்தான் குறுக்கே நிற்கிறது. 1434இல் ஒருவர் எழுதிய உயிலின்படி 12 முதியவர்களுக்காக ஓர் இல்லம் நடக்கிறது. நிலத்தின் மதிப்பு ஏறிவிட்டதால் பொறுப்பாளரான போதகர் ஹார்டிங்குக்கு ஆண்டுக்கு 800 பவுன் வருகிறது. முதியவர்களுக்கு நாளுக்கு 1 ஷில்லிங் 4 பென்ஸ். ஹார்டிங் நல்லவர். தன் கையிலிருந்து ஆளுக்குத் தினம் 2 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கிறார், அவர்களுக்குச் செலோ வாசித்துக் காட்டுகிறார். ஆனால் 800 பவுன் தனக்குச் சேர வேண்டியதுதானா என்று அவர் யோசித்ததே இல்லை. சீர்திருத்த ஆர்வமுள்ள இளைஞன் ஒருவன் வழக்குப் போடுகிறான். பத்திரிகை அவரைப் பேராசைக்காரர் என்று கிழிக்கிறது. முதியவர்களுக்கு ஆண்டுக்கு 100 பவுன் கிடைக்கும் என்று யாரோ ஆசை காட்டுகிறார்கள். வழக்கு கைவிடப்பட்ட பிறகும், மனசாட்சி உறுத்தி ஹார்டிங் பதவியை விடுகிறார். விளைவு? 100 பவுனும் வரவில்லை, 2 பென்ஸும் போயிற்று. இல்லம் பாழாகிறது.

வின்செஸ்டர் அருகே செயின்ட் கிராஸ் முதியோர் இல்ல விவகாரம் போன்ற நிஜ ஊழல்கள் அப்போது பத்திரிகைகளில் அடிபட்டுக்கொண்டிருந்தன. அதனால் வாசகர்கள் ஒரு வில்லனை எதிர்பார்த்திருப்பார்கள். ட்ரோலப் கொடுத்தது ஒரு நல்ல மனிதரின் அநியாய வருமானத்தை. போதாக்குறைக்கு, டிக்கன்ஸையே ‘மிஸ்டர் பாப்புலர் சென்டிமென்ட்’ என்ற பெயரில் நாவலுக்குள் இழுத்து, நல்ல ஏழை, கெட்ட போதகர் என்று எழுதித் தள்ளும் ஆசாமியாகக் கிண்டல் செய்தார். கொஞ்சம் அநியாயமான கிண்டல். ஆனால் ஒரு கஞ்சனின் மனம் மாறினால் அவனுடைய குமாஸ்தா பிழைப்பான், மற்ற குமாஸ்தாக்கள் கதி என்ன என்ற கேள்விக்குக் ‘கரோல்’ பதில் சொல்வதில்லை என்பது உண்மைதான். 1940இல் ஜார்ஜ் ஆர்வெல்லும் டிக்கன்ஸைப் பற்றி ஏறக்குறைய இதையே எழுதினார்.

டிக்கன்ஸுக்கும் இது தெரியாமல் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அவர் முழுதாக முடித்த கடைசி நாவலான ‘அவர் மியூச்சுவல் ஃப்ரெண்ட்’டில் (1864–65) பெட்டி ஹிக்டன் என்ற கிழவி ஒர்க்ஹவுஸுக்குப் பயந்து ஊர் ஊராக நடக்கிறாள். தன் அடக்கச் செலவுக்கான காசை உடையில் தைத்து வைத்துக்கொண்டு, தர்மம் செய்ய வருகிறவர்களைக் கண்டால் ஓடுகிறாள். நல்லவர்கள் உதவுவதாகச் சொல்லியும் ஏற்கவில்லை. ஸ்க்ரூஜ் மாதிரி ஒருவர் திருந்தி வந்தாலும் அவளுக்குப் பயனில்லை.

இதையெல்லாம் படித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ‘கரோல்’, ‘தி வார்டன்’, ‘சைலஸ் மார்னர்’ என்ற வரிசையில் போகலாம். மூன்றும் சின்னப் புத்தகங்கள். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ‘ப்ளீக் ஹவுஸ்’ ஆயிரம் பக்கத்தைத் தொடும், அதில் நேராகக் குதிக்க வேண்டாம். ஆனால் செங்கல் சூளைக்காரன் வீட்டுக் காட்சி எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த ஓர் அதிகாரத்தை மட்டும் தனியாக எடுத்துப் படித்தாலும் தவறில்லை.